சிவபாக்கியம் அம்மாள் ராட்டினம் ஏறிய கதை

இந்தக் கதையை நான் ஏழு வருடமாகச் சந்தேகித்து வருகிறேன். சொன்ன குஞ்சிதபாதத்தை அல்ல. அவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. பொய் சொல்ல வேண்டுமானால் நடந்தது எது, நடக்காதது எது என்று முதலில் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் சந்தேகம் சுற்றிச் சுற்றி என்மேலேயே வந்து நிற்கும். நான் சரியாகக் கேட்கவில்லையோ? கேட்டும் நடுவில் எதையாவது கோட்டை விட்டேனோ? ஐம்பத்து நான்கு வயதில் தன் காதையே நம்ப முடியாதவன் வேறு எதை நம்பி என்ன?

சனிக்கிழமை தோறும் காலை ஏழே முக்கால் பேருந்தில் அவரைப் பார்ப்பேன். மேலத்தேரூரில் ஏறுவார். தோளில் சுருட்டிய கயிறு, மடியில் நாலடுக்கு டிபன் கேரியர். "சனிக்கிழமை என்னோட முறை சார்" என்று ஒருநாள் சொன்னார். ஏதோ கோயில் முறை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்பே இறங்கிவிடுவார். அதற்குள் மாதம் ஒருமுறையாவது இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். ஒரு சொல் மாறாது.

தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிற குடும்பம் அவர்களுடையது. ஆள் உயரச் சக்கரம். அதற்குப் பிரேக் கிடையாது. பக்கத்திலேயே குனிந்து ஓடி, சொன்ன நொடியில் முட்டுக்கட்டையைச் செருக வேண்டும். கை பிந்தினால் தேர் யாருடைய வீட்டுக்குள்ளாவது போய்விடும். கால் பிந்தினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அப்பா போகும்போது மூன்று மகன்களுக்கும் மூன்று விதிகளை விட்டுவிட்டுப் போனார். தேர் பின்னால் போகாது. வடம் இல்லாமல் தேர் நகராது. தேர் தவறி முன்னால் போய்விட்டால், முழுச் சுற்றும் சுற்றித்தான் அந்த இடத்துக்கு வர வேண்டும். பெரியவர் வைத்தி, அடுத்தவர் சோமு, கடைசி குஞ்சிதபாதம், மூவரும் இந்த மூன்றையும் உயிராகக் காப்பாற்றினார்கள். நான்காவதாக எதையாவது தெரிந்துகொண்டு மனதைக் குழப்பிக்கொள்ளவில்லை.

அம்மா சிவபாக்கியத்துக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பார். பதினோராவது அடிக்கு நாற்காலி வேண்டும். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. அதற்குப் பிறகு ஆறு மாதம் வாசலைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்கு முன்னாடி அந்தப் பூங்காவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்கடா" என்றார் அம்மா. "அந்தப் பெரிய ராட்டினத்துல ஒரு தடவை ஏறணும்."

ஊரிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் நெடுஞ்சாலை ஓரமாகப் புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா வந்திருந்தது. அதன் ராட்டினம் பதினைந்து மாடி உயரம்.

"இந்த வயசுல ராட்டினம் எதுக்கும்மா?" என்றார் வைத்தி.

"தேர் போறப்ப ஊரே அண்ணாந்து மேல பாக்கும். நான் மட்டும் நாப்பத்தாறு வருஷமா கீழயே பாத்துட்டு நின்னேன். முதல்ல உங்கப்பா தலை இருக்கான்னு பாத்தேன். அப்புறம் உங்க மூணு பேரு தலையும் இருக்கான்னு பாத்தேன். ஒரு நாளாவது மேல உக்காந்து நிம்மதியாப் பாக்கணும். அவ்வளவுதான்."

 மூன்று மகன்களும் தங்கள் தலைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இருந்தன.

திட்டம் போட ஆரம்பித்தார்கள். டாக்டர் சொன்னது, "அம்மாவை அதிகம் நடக்க விடாதீங்க. வெயில்ல நிறுத்தாதீங்க. முதல்ல நீங்க ஒரு தடவை போய்ப் பாதையெல்லாம் பாத்துட்டு வாங்க." பூங்காவுக்குப் போன் போட்டார்கள். போனை எடுத்த பெண், "ராட்டினத்துல பெட்டிக்கு நூத்தம்பது கிலோதான் தாங்கும் சார். அம்மா எடை என்னன்னு பாத்துக்குங்க" என்றாள்.

அரிசி ஆலை எடை மேடையில் அம்மாவை ஏற்றினார்கள். அம்மா வாக்கர் இல்லாமல் நிற்க மாட்டார். வாக்கரோடு அறுபத்தொரு கிலோ.

"டாக்டர் சொன்னது வெள்ளோட்டம்டா" என்றார் வைத்தி. "தேருக்கு வெள்ளோட்டம் விடுற மாதிரி. ஆனா வெள்ளோட்டத்துல சாமி ஏறக்கூடாது."

"சாமி ஏறலேன்னா பாரம் எப்படிண்ணே தெரியும்?" என்றார் சோமு.

"அறுபத்தொரு கிலோ அரிசியை ஏத்துவோம்."

"அது தப்பு. அம்மா வாக்கரோட அறுபத்தொண்ணு. மூட்டைக்கும் வாக்கர் வைக்கணும். வாக்கர் மூணு கிலோ. அப்ப அரிசி அம்பத்தெட்டு."

"மூட்டைக்கு எதுக்குடா வாக்கர்? அது நடக்காதே."

"அம்மாவும்தான் நடக்க மாட்டாங்க. அதனாலதானே வாக்கர்."

வைத்தி வாக்கரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். உள்ளே படுத்திருந்த அம்மா, "மூட்டைக்கு முழங்கால் எப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கடா" என்றார். கேட்க வேண்டும் என்று சோமு குறித்துக்கொண்டார்.

வெள்ளோட்டச் சனிக்கிழமை சக்கர நாற்காலியில் மூட்டையைக் கட்டி, அதன் மடியில் வாக்கரையும் கட்டிப் பூங்கா வாசலுக்குக் கொண்டுபோனார்கள். வாட்ச்மேன் நிறுத்தினார். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக்கூடாதாம்.

"இது சாப்பாடு இல்லைங்க. எங்க அம்மாவோட எடை" என்றார் வைத்தி.

"அரிசிதானே? உள்ள போய்ப் பொங்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

மூவரும் மரத்தடிக்குப் போய் ஆலோசித்தார்கள். அம்மாவின் நீலப் புடவை ஒன்று நாற்காலியில் மெத்தைக்காக மடித்துப் போட்டிருந்தது. அதை எடுத்து மூட்டைக்குச் சுற்றி முக்காடும் போட்டுத் திரும்ப வந்தார்கள்.

வாட்ச்மேனுக்கு அதற்குள் பணி மாறி வேறொருவர் நின்றார். "பாட்டி தூங்குறாங்களா?" என்றார்.

வைத்திக்குப் பொய் வராது. "தூங்கல. அவங்க வரவே இல்லை" என்றார்.

அந்த வாட்ச்மேன் வைத்தியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாவம் என்று உள்ளே விட்டுவிட்டார்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. முன்னால் முப்பதடி வடம் கட்டி வைத்தியும் சோமுவும் இழுத்தார்கள். பின்னால் குஞ்சிதபாதம் கையில் சின்னதாகச் செதுக்கிய முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடினார். தேர்க்கட்டையையும் முதுகில் கட்டிக்கொண்டிருந்தார். அது இல்லாமல் குனிந்தால் அவருக்கு முதுகு வலிக்குமாம்.

ராட்டினம் வந்தது. "நிறுத்து" என்றார் வைத்தி. கட்டை ஒரு நொடி பிந்தியது. நாற்காலி ராட்டினத்தைத் தாண்டி எட்டடி போய் நின்றது.

எட்டடிதான். யாராக இருந்தாலும் பின்னால் இழுத்திருப்பார்கள்.

"தேர் பின்னால போகாது" என்றார் வைத்தி.

"போகாது" என்றார் சோமு.

பூங்காவை முழுதாகச் சுற்றி வந்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர். வெயிலில் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நிழல் இல்லாத இடங்களில் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. இரண்டாவது தடவை கட்டை முந்திவிட்டது, ஐந்தடி முன்னாலேயே நின்றது. மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தார்கள். மறுபடி ஐந்தடி தாண்டியது. மூன்றாவது சுற்றில், இது பூங்காக்காரர்கள் வைத்த ஏதோ போட்டி என்று நினைத்து இருபது பேர் வடம் பிடித்தார்கள். இந்தத் தடவை குஞ்சிதபாதத்தின் கை தவறவில்லை. நாற்காலி ராட்டின மேடைக்கு நேராக நின்றது.

ராட்டினக்காரர் தாமஸ் பொறுமையான மனிதர். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று உலகம் சுற்றுவதைப் பார்ப்பவருக்குப் பொறுமை வந்துவிடும் போலிருக்கிறது. அவர் மூட்டையைப் பார்த்தார், முக்காட்டைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. மூட்டையை ஒரு பெட்டியில் ஏற்றிப் பக்கத்தில் குஞ்சிதபாதத்தை உட்கார வைத்து ஒரு சுற்று விட்டார். இறங்கியதும் அந்தப் பெட்டிக்கு நேர்கீழே ராட்டின வளையத்தில் வைத்தி சுண்ணாம்பால் ஒரு குறி போட்டார். வெள்ளோட்டத்தில் நின்ற இடம். அம்மா வரும் நாளிலும் அங்கேதான் நிற்க வேண்டும்.

"உங்கம்மாவைத் தனியா ஏத்துறதா இருந்தா, எதிர்ப் பெட்டியிலயும் அதே எடை இருந்தா ஆட்டம் தெரியாது" என்றார் தாமஸ். பேச்சுக்குச் சொன்னதுதான். பிற்பாடு அவர் இதற்காக ரொம்ப வருத்தப்பட்டதாகக் கேள்வி.

வீட்டில் அம்மா காத்திருந்தார். "மேலேர்ந்து என்னடா தெரிஞ்சுது?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் குஞ்சிதபாதம். "மூட்டைதானே வெளிப்பக்கம் உக்காந்திருந்துச்சு."

அம்மா அன்று இரவு சாப்பிடும்போது, "அடுத்த சனிக்கிழமையாவது நான் போறேனா, இல்ல மூட்டைதான் எனக்கும் சேத்துப் பாத்துட்டு வருமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கடுத்த புதன்கிழமை ஆபரேஷன். இருப்பது இந்த ஒரு சனிக்கிழமைதான்.

அந்தச் சனிக்கிழமை அம்மா தனக்குப் பிடித்த மாம்பழக் கலர்ப் புடவை கட்டிக்கொண்டார். மூட்டை அதே நீலப் புடவையில் வந்தது. எதிர்ப் பெட்டிக்கு எடை வேண்டுமே. பூங்கா வாசலில் மூட்டைக்கும் ஒரு சக்கர நாற்காலி வாங்கினார்கள்.

அங்கே ஒரு விவாதம் வந்தது. இரண்டு தேர். எது முன்னால்?

"அம்மாதான்" என்றார் குஞ்சிதபாதம்.

"முன்னாடி பிள்ளையார் தேர் போகணும். அதான் வழக்கம்" என்றார் சோமு.

மூவரும் மூட்டையைப் பார்த்தார்கள். தொந்தியும் முக்காடுமாக உட்கார்ந்திருந்தது. அதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை.

"கல்யாணத்துல உங்கப்பாவுக்குப் பின்னாடி நடந்தேன். அவரு ஒரு ஆளு. இப்ப அரிசி மூட்டைக்குப் பின்னாடி" என்றார் அம்மா. "இழுங்கடா."

போன வாரத்து வாட்ச்மேன் அம்மாவைச் சுட்டி, "இவங்களும் வரலையா சார்?" என்று வைத்தியிடம் கேட்டார்.

"நான் வந்திருக்கேன்ப்பா" என்றார் அம்மா. "அது மூட்டை. நான் மூட்டைகளைப் பெத்தவ."

ஒரே வடத்தில் முன்னால் மூட்டை, பின்னால் அம்மா. குஞ்சிதபாதம் இரண்டுக்கும் நடுவே ஓடினார். முதல் சுற்றில் மூட்டை மேடைக்கு நேராக நின்றது, அம்மா எட்டடி பின்னால் நின்றார். மூட்டையை ஏற்றிவிட்டு அம்மாவை நகர்த்தலாம் என்றால், ஒரு வடத்தில் கட்டிய இரண்டு தேரில் ஒன்று மட்டும் எப்படி நகரும் என்று சோமு கேட்டார். இரண்டாவது சுற்றில் அம்மா சரியாக நின்றார், மூட்டை எட்டடி தாண்டிவிட்டது. பிள்ளையார் ஏறாமல் அம்மா ஏறக்கூடாது. மூன்றாவது சுற்று. நான்காவது சுற்று. மணி ஐந்து ஆகிவிட்டது. ஐந்தரைக்கு ராட்டினம் நின்றுவிடும் என்று தாமஸ் மேடையிலிருந்து சைகை காட்டினார்.

ஐந்தாவது தடவையும் மூட்டை மேடைக்கு நேரே நிற்க, அம்மா எட்டடி பின்னால் நின்றார். மூன்று பேரும் வடத்தைத் தரையில் வைத்துவிட்டு, முன்னால் போகும் தேருக்கும் பின்னால் வரும் தேருக்கும் நடுவே எத்தனை அடி இருக்கலாம் என்று அப்பா ஏதாவது சொல்லியிருக்கிறாரா என நினைவுகூர உட்கார்ந்தார்கள்.

அம்மா அவர்களைப் பார்த்தார். ராட்டினத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், "அம்மாடி, அந்த மூட்டை மடியில ஒரு வாக்கர் இருக்கு பாரு, அதை அவுத்துக் குடு" என்றார்.

எட்டடிதானே. அம்மாவுக்குப் பத்தடி வரும்.

மகன்கள் நிமிர்ந்தபோது பின் தேர் காலியாக இருந்தது. அம்மா மேடையில் வாக்கரோடு நின்று, "மூட்டையை ஏத்துங்கடா, நேரமாச்சு" என்றார்.

மூட்டை தனக்குப் பழகின பெட்டியில், அதாவது சுண்ணாம்புக் குறி போட்ட பெட்டியில், ஏறியது. ராட்டினம் பாதிச் சுற்று சுற்றியதும் எதிர்ப் பெட்டி கீழே வந்தது. அதில் அம்மாவைத் தாமஸே கையைப் பிடித்து ஏற்றினார். கூட வருகிறேன் என்று குஞ்சிதபாதம் நின்றார். "நீ கீழயே இரு. உன் தலை எங்க இருக்குன்னு இன்னைக்காவது மேலேர்ந்து பாக்கறேன்" என்றார் அம்மா.

ராட்டினம் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில், நேரம் முடிந்துவிட்டதால் தாமஸ் தன் உதவியாளைப் பார்த்து, "நிறுத்து" என்றார்.

பன்னிரண்டு வயதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் குஞ்சிதபாதம். அந்தச் சொல் அவர் காதுக்குள் போனால் தலைக்குப் போவதில்லை, நேரே கைக்குப் போய்விடும். முதுகிலிருந்த தேர்க்கட்டை எப்படிக் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. சுண்ணாம்புக் குறி கீழே வந்த நொடியில் வளையத்துக்கும் மேடைக்கும் நடுவே கட்டையைச் செருகினார்.

முப்பது வருடத்தில் அப்படி ஒரு கட்டை அவர் போட்டதில்லையாம். இதைச் சொல்லும்போது மட்டும் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைக் காட்டுவார். அணுவும் அசையவில்லை. குறி போட்ட பெட்டி மேடைக்கு நேராக நின்றது. அதில் மூட்டை இருந்தது. அம்மா பதினைந்து மாடி உயரத்தில் இருந்தார்.

கூட்டம் கைதட்டியது. தாமஸ் தட்டவில்லை.

"கட்டை இறுகிப்போச்சு" என்றார் அவர். "பின்னால ஒரு அடி நகத்தினா தானா விழுந்துடும். பின்னால போற பொத்தான் இருக்கு. அமுக்கறேன்."

மூன்று பேரும் அந்தப் பொத்தானை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"தேர் பின்னால போகாது" என்றார் வைத்தி.

"இது தேர் இல்லீங்க. ராட்டினம்."

"சக்கரம் இருக்கா?"

"இருக்கு."

"மேல ஆள் உக்காந்திருக்காங்களா?"

"இருக்காங்க."

"கட்டை போட்டாச்சா?"

தாமஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்ததுதான் தப்பு என்பது என் எண்ணம்.

முன்னால்தான் இழுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ராட்டினத்தில் வடத்தைக் கட்டினார்கள். வாட்ச்மேன்கள் முதற்கொண்டு ஐம்பது பேர் பிடித்தார்கள். ஒரே இழுப்பில் ராட்டினம் கட்டையைத் தாண்டிக் குதித்துச் சுற்றியது. அம்மா இறங்கி வந்தார், மேடையைக் கடந்தார், மறுபடி மேலே போனார். சுண்ணாம்புக் குறி கீழே வந்தது. கட்டை விழுந்தது. மூட்டை கீழே, அம்மா மேலே.

இப்படி நான்கு தடவை.

"அம்மா கீழ வர்றப்பப் போடுடா" என்றார் வைத்தி.

"குறி அங்க இல்லையேண்ணே. வெள்ளோட்டம் விட்ட இடத்துலதானே நிறுத்தணும்?"

"அப்ப மூட்டையை இறக்கிடலாமா?" என்றார் சோமு.

"இறக்கினா அம்மாவுக்கு ஈடு இல்லாம ஆடும். அம்மாவை இறக்கின பிறகுதான் மூட்டையை இறக்கணும்."

"அம்மாவை எப்ப இறக்கறது?"

"மூட்டையை இறக்கின பிறகு."

தெளிவாகத்தான் இருந்தது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அம்மா, என்ன தெரியுது?" என்று கத்தினார் குஞ்சிதபாதம்.

மேலிருந்து குரல் வந்தது. "எல்லாம் தெரியுதுடா. கோபுரம் தெரியுது. தேர் நிக்கிற கொட்டகை தெரியுது. அந்தப் பக்கம் ஆறு தெரியுது. கீழ உங்க மூணு தலையும் நல்லாத் தெரியுது. அவசரமில்ல, மெதுவா யோசிங்க." கொஞ்சம் பொறுத்து, "பசிக்குது" என்று வந்தது.

அம்மா வாக்கரில் கட்டியிருந்த சணலை அவிழ்த்து ஒரு முனையைக் கீழே விட்டார். பாதிதான் எட்டியது. மீதிக்கு இவர்கள் வடத்தைப் பிரித்துக் கொடுக்க, தாமஸின் உதவியாள் ராட்டினக் கம்பியில் பாதி ஏறி இரண்டையும் முடிந்தார்; பூங்கா உணவகத்து இட்லிப் பொட்டலத்தைக் கட்டி அனுப்பினார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு மேலிருந்து, "சட்னியில உப்பு பத்தலடா" என்றார் அம்மா.

அவ்வளவுதான் கதை. ஏழு வருடமாக இந்த இடத்தில்தான் முடிக்கிறார். "அம்மா ஆசைப்பட்டதை நிறைவேத்திட்டோம் சார்" என்பார். ஆபரேஷன் என்ன ஆயிற்று என்றால், "டாக்டர் இன்னும் தேதி குடுத்துட்டேதான் இருக்காரு" என்பார். அதற்குள் அவர் இறங்குமிடம் வந்துவிடும்.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. ஒரு கட்டை அத்தனை பெரிய ராட்டினத்தை நிறுத்துமா? தாமஸ் ஏன் மின்சாரக்காரரைக் கூப்பிடவில்லை? ஏழு வருடமாக இவற்றை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். கேட்டால் கதையைக் கெடுத்துவிடுவேனோ, கேட்காமலே இருந்தால் நானும் அவர்களில் ஒருவன்தானோ என்று இரண்டு பக்கமும் யோசித்துக் காலம் போய்விட்டது.

போன சனிக்கிழமை எங்களுக்கு எதிர்ப்பக்க ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. "பூங்கா இறங்கு" என்றார் நடத்துனர். குஞ்சிதபாதம் எழுந்து கயிற்றைத் தோளில் மாட்டினார். அவர் இறங்குமிடத்தின் பெயரை அன்றுதான் நான் காதில் வாங்கினேன். வெளியே பார்த்தேன். தென்னை மரங்களுக்கு மேலே ராட்டினம் அசையாமல் நின்றது. உச்சிப் பெட்டியில் மாம்பழக் கலரில் ஏதோ காற்றில் படபடத்தது. கீழிருந்து இவ்வளவு தூரத்தில் அது புடவைதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அவர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். இனிமேலும் தள்ளிப்போடக்கூடாது என்று நானும் எழுந்து நின்றேன். வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"குஞ்சிதபாதம், இன்னைக்காவது சட்னியில உப்பு சரியாப் போட்டிருக்கீங்களா?"